சொசைட்டியில் ஒப்படைக்கவும்

பயணக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பஸ் ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. பாஸ்போர்ட் கிடையாது. மேடையில் ஏறச் சொன்னால், டீசல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவிவிடுகிற ஆள். வெளிநாடு போய் வந்தவர்கள் எழுத வேண்டியதை, வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டு நம் ஊர்ப்பக்கத்திலேயே இரண்டு நாள் சுற்றிய நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதச் சொன்னது கயல்விழி. "நடந்த தப்புல பாதி உங்களுதுண்ணே. அதனால நீங்கதான் எழுதணும்" என்றாள். நியாயமான பேச்சு.

கயல்விழி எங்கள் கல்லூரியில் விமானப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். விமானம், ராக்கெட் எல்லாம் செய்கிற பொறியாளர்களுக்கு உலகம் பூராவும் ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கு எங்கள் கல்லூரியில் ஒரு மாணவர் கிளை. கிளையில் பதினோரு பேர், கயல்விழி தலைவி. சங்கத்தின் தலைமை ஆபீஸ் ஒரு நாட்டில் இருக்கிறது. போட்டிக்கு விதி எழுதியவர்கள் இன்னொரு நாட்டில். நடுவராக வந்த மார்த்தா அம்மா போர்ச்சுகல் நாட்டுக்காரர். இத்தனை நாடும் சேர்ந்து அக்கறைப்பட்டது ஒரு பெட்டிக்காக. நாலு அடுக்கு டிபன் கேரியர் அளவுதான் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது பசை. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது கறுப்பாக ஓர் எண்ணெய் வரும். கயல்விழியின் அம்மா கொட்டை உடைக்கிற வேலை செய்கிறவர். அந்த எண்ணெய் பட்டால் விரல் தோல் உரிந்துவிடும். மகள் அதையே காய்ச்சிப் பசையாக்கி, சின்னச் சின்ன அலுமினியத் தகடுகளை அதால் ஒட்டி வைத்திருந்தாள். பலூனில் கட்டி மேலே விட்டால், அந்த உயரத்துக் குளிரில் பசை பிடித்துக்கொள்கிறதா, விட்டுவிடுகிறதா என்று தெரியும். பலூன் மேலே வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். அதைத் தேடிப் பிடித்து, சீல் உடையாமல், அன்றைக்குச் சூரியன் மறைவதற்குள் நடுவர் கையில் கொடுத்தாக வேண்டும். மறைந்துவிட்டால் போட்டியில் சேர்த்தி இல்லை. கயல்விழிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

பெட்டியின் மேலே தமிழில் எழுதியது நான். முந்தின மாதம் ஒத்திகைக்கு விட்ட பெட்டி ஒரு சோளக்காட்டில் விழுந்து, வெடிகுண்டு என்று ஊரே கூடிவிட்டது. அதனால் இந்த முறை கொட்டை எழுத்தில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். என்னிடம் இருக்கிற ஒரே பெருமை அது. கயல்விழி ஒரு தாளில் வாசகத்தைக் கொடுத்தாள். அதில் 'சங்கத்திடம் ஒப்படைக்கவும்' என்று இருந்தது. எனக்கு யோசனையாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் சங்கம் என்றால் முதல் கேள்வியே 'எந்தச் சங்கம்?' என்பதுதான். சாதிச் சங்கமா, கட்சிக்காரர்கள் சங்கமா? ஒருவர் தொடுவார், ஒருவர் தொடமாட்டார். எதற்கு வம்பு என்று 'சொசைட்டி' என்று மாற்றிவிட்டேன். கயல்விழியே ஆங்கிலத்தில் பேசும்போது சொசைட்டி என்றுதானே சொல்கிறாள்? கேட்டுவிட்டு மாற்றியிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

இப்படி எழுதினேன்: 'பயப்பட வேண்டாம். இது வெடிக்காது. சொசைட்டி பெட்டி. சொசைட்டியில் ஒப்படைக்கவும்.' இது கறுப்பு மார்க்கரில். சொசைட்டியின் முழுப் பெயரும் போன் நம்பரும் அடியில், பச்சை ஸ்கெட்ச் பேனாவில். பச்சை எடுப்பாக இருக்குமே என்று.

முதல் நாள் திருச்சி விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். பிள்ளைகளுக்குப் பலூன் வேலை. கல்லூரிக் கார் சென்னை போயிருந்ததால் என் பஸ்ஸையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். முப்பத்திரண்டு சீட்டு, வரப்போவது ஒரே ஆள். அட்டையில் அவர் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் போய், கண்ணாடிக் கதவருகே நானும், முதுகுப்பையோடு குட்டையான ஒரு வெள்ளைக்கார அம்மாவும் மட்டும் மிச்சம். அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, 'மார்த்தா' என்று தமிழில் எழுதியிருக்கிறேன். அவர் தன் நெஞ்சில் கை வைத்து "மார்த்தா" என்றார். நான் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ஏதோ பரிசு கொடுத்ததுபோலப் பையில் வைத்துக்கொண்டார்.

வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். பஸ்ஸில் ஏறும்போதே நின்றுவிட்டார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உட்கார்ந்து கீலைத் தடவிப் பார்த்து, ஒரு திருகாணி இல்லாத ஓட்டையை எனக்குக் காட்டினார். என்ன அம்மா இது, வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. விமானக் கதவுகளுக்குக் கீல் செய்கிற இடத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. விமானத்தில் வேறு எதுவும் அவர் வேலை இல்லை. கீல் மட்டும்தான்.

பாடாலூர் தாண்டி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குழாய் வேண்டாம் என்று அண்ணாந்து குடித்துச் சட்டையை நனைத்துக்கொண்டார். கடைக்காரர், "எந்த நாடுங்க இவங்க?" என்றார். போர்ச்சுகல் என்றேன். "பந்து வெளயாடுவாங்களே, அந்த நாடா?" என்று கேட்டு, வழுக்கையில் இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டார்.

சாயங்காலம் கயல்விழியும் பர்வீனும் சேர்ந்துகொண்டார்கள். பர்வீன் கிளையின் செயலாளர். பெட்டி எங்கே இருக்கிறது என்று சிக்னல் வருவதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது அவள் வேலை. விருந்தாளிக்கு ரஞ்சன்குடிக் கோட்டையைக் காட்ட வேண்டும் என்றார்கள். இருபத்தைந்து வருடமாக அந்தக் கோட்டை ஓரமாகவே பஸ் ஓட்டுகிறேன், உச்சிக்கு ஏறியது அன்றைக்குத்தான். மேலே போனதும் மார்த்தா அம்மா விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்தார். காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது என்று கைகாட்டினார். அதற்குப் படிப்பு எதற்கு, எங்கள் ஊரில் நெல் தூற்றுகிறவர்கள் எல்லோருமே இதைச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இரவு ஹாஸ்டலில் இட்லியும் கொத்தமல்லிச் சட்டினியும். அவர் சட்டினியை முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கயல்விழி தமிழில் சொன்னாள்: "எங்கள் ஊரில் கொத்தமல்லி போடாமல் எதுவும் இறக்கமாட்டார்கள். அரிசிச்சோறும் உண்டு. வீட்டை விட்டு வந்ததுபோலவே இல்லை." இட்லி ஆறு சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் பலூனை விட்டார்கள். அனுமதியெல்லாம் முன்பே வாங்கியிருந்தார்கள். வெள்ளைப் பலூன், அதன் கீழ் ஆரஞ்சுப் பாராசூட், அதற்கும் கீழே நான் எழுதிய பெட்டி. விட்ட வேகத்தில் மேற்கே சாய்ந்தது. "துறையூர் ரோடு எடுங்கண்ணே" என்றாள் கயல்விழி. நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் மேற்கே விரட்டினோம். முக்கால் மணி நேரம் ஓட்டியிருப்பேன். பர்வீன் பின்னாலிருந்து, "யா அல்லாஹ், திரும்பிடுச்சு!" என்று கத்தினாள். மேலே போகப் போகக் காற்று எதிர்ப்பக்கம் அடிக்குமாம். பெட்டி எங்கள் தலைக்கு மேலேயே கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மார்த்தா அம்மாவைக் கண்ணாடியில் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். தேடுகிற விஷயத்தில் நடுவர் ஒரு வார்த்தை உதவக் கூடாது என்பது விதி. அவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

பஸ்ஸைத் திருப்பினேன். மறுபடி பெரம்பலூர், அப்புறம் அரியலூர் ரோடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைத் தாண்டினால் முன்னால் இன்னொன்று. பத்தரை மணிக்குச் சிக்னல் நின்ற இடத்திலேயே நின்றது. பெட்டி இறங்கிவிட்டது, விக்கிரமங்கலத்துக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பதினொன்றே கால் இருக்கும், சிக்னல் காணாமல் போய்விட்டது.

"பேட்டரி போயிருக்குமா?" என்றாள் கயல்விழி.

"நாளைக்கு வரைக்கும் வரும்டி. யாரோ எடுத்துட்டாங்க" என்றாள் பர்வீன்.

அதற்குப் பிறகு கயல்விழி உட்காரவில்லை. என் சீட்டுக்குப் பின்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரியலூர் தாண்டி, டயரைத் தட்டிப் பார்க்க ஓரமாக நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் காலி பஸ் நின்றால், அது ஏறுவதற்குத்தான். மூன்று கோழிகளைத் தலைகீழாகப் பிடித்தபடி ஓர் அம்மா ஏறிவிட்டார். "விக்கிரமங்கலம் போவுமா?" என்றார். இது காலேஜ் பஸ் என்றேன். "காலேஜ் பஸ்ஸுன்னா விக்கிரமங்கலம் வழியா போவாதா?" என்று கேட்டுவிட்டு மார்த்தா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். மார்த்தா அம்மா தன் பையை எடுத்துக் கோழிகளுக்கு இடம் கொடுத்தார்.

"இந்தம்மா எந்த ஊரு?"

"போர்ச்சுகல்ங்க" என்றாள் பர்வீன்.

"அது எந்தப் பக்கம்? கடலூரு தாண்டியா?"

பர்வீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மொழிபெயர்த்தாள். மார்த்தா அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். கடல் தாண்டி என்றுதான் அவருக்குச் சொல்லியிருப்பாள்.

கோழிக்கார அம்மாவை இறக்கிவிட்டு, கடைசியாகச் சிக்னல் வந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. தண்ணீர் கட்டிய வயல். வரப்போரம் ஒரு பெண் களை எடுத்துக்கொண்டிருந்தார். கயல்விழி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். நாங்களும் போனோம்.

"அக்கா, இங்க ஒரு பெட்டி விழுந்துச்சா? ஆரஞ்சு கலர்ல கொட மாதிரி?"

"ஆமா, ஆடி ஆடி வந்து தண்ணியில பொத்துன்னு வுழுந்துச்சு. அப்ப இங்க களையெடுத்த நாங்க எட்டு பேரும் ஓடிட்டோம். அப்பறம் எங்க வூட்டுக்காரரு கம்பால தட்டித் திருப்பிப் பாத்தாரு. 'பயப்பட வேண்டாம்'னு போட்டிருந்துச்சு. 'அட, நம்ம சொசைட்டி பெட்டிடி, முத்து முத்தா எழுதியிருக்கான் பாரு'ன்னு தோள்ல தூக்கிட்டுப் போயிட்டாரு."

"எந்த சொசைட்டிக்கா?"

"எந்த சொசைட்டியா? பால் சொசைட்டிதான். இந்த ஊர்ல வேற என்ன இருக்கு?"

பர்வீனால் நம்ப முடியவில்லை. "பால் சொசைட்டி பெட்டி எதுக்குக்கா ஆகாசத்துலேருந்து வருது?"

"ஏம்மா, வயலுக்கு மருந்தே மேலேருந்துதான் அடிக்கிறாங்க. பால் பாக்குற மிஷினையும் அப்படி அனுப்பிட்டாங்கன்னு நெனச்சோம். நம்பரு ஏதாவது இருக்கான்னு பாத்தாரு. பச்சையா கரஞ்சு போயிருந்துச்சு."

கயல்விழி மெல்லத் திரும்பினாள். "நான் சங்கம்னுதானே எழுதிக் குடுத்தேன்?"

அந்த வயலில் எனக்கு வியர்த்த மாதிரி என்றைக்கும் வியர்த்ததில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னேன். சங்கம் என்றால் யார் சங்கம் என்று கேட்பார்கள் என்று பயந்தது, கேட்காமல் மாற்றியது, பச்சைப் பேனா எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதும் அன்றைக்குத்தான். பர்வீன் மார்த்தா அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். களை எடுத்த பெண்ணும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். கயல்விழி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, பஸ்ஸ எடுங்க" என்றாள்.

பால் சொசைட்டி ஒரே ஓர் அறை. முன்னால் சிமெண்டுத் திண்டு, கழுவிக் கவிழ்த்த கேன்கள். பாலின் தரம் பார்க்கிற ராணி என்ற பெண் சாயங்காலப் பாலுக்குத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துச்சுங்க. செக்ரட்டரி பாத்துட்டு, மேலாபீஸ் பொருளு, ஈரமா இருக்குன்னு தொடச்சு, பத்திரமா இரும்பு அலமாரில வச்சுப் பூட்டிட்டாரு."

"அதான் சிக்னல் வரல" என்று பர்வீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அலமாரியத் தொறங்கக்கா" என்றாள் கயல்விழி.

"சாவி அவருகிட்டல்ல இருக்கு."

அப்போது பின்னாலிருந்து மார்த்தா அம்மா, "சாவி?" என்றார். எல்லோரும் திரும்பினோம். அவர் காற்றில் ஒரு பூட்டைத் திறந்து காட்டினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, இரும்பு அலமாரியைக் காட்டி, "அர்மாரியு?" என்றார். ராணி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். "என்னங்க, இவங்க தமிழ் பேசுறாங்க!"

பேசியது தமிழ் இல்லை. அவர்கள் ஊரிலும் சாவிக்குச் சாவி மாதிரிதான் பெயராம். போர்ச்சுகல்காரர்கள் கப்பலில் வந்த காலத்தில் நாம் வாங்கிக்கொண்ட வார்த்தைகள் இவை என்று பர்வீன் போனில் பார்த்துச் சொன்னாள். மார்த்தா அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜன்னலைத் தொட்டு "ஜனெலா" என்றார். ராணி "ஜன்னல்" என்றார். மேசையைத் தட்டி "மேஸா" என்றார். "மேசதான், மேசதான்!" என்று ராணி கைதட்டினார். பிறகு சட்டென்று தான் நடுவர் என்பது நினைவு வந்து, அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

செக்ரட்டரி கலியபெருமாள், தங்கச்சி பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து என்று கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தார். போன் மணி அடித்தது, எடுக்கவில்லை. "மேளச் சத்தத்துல கேட்டிருக்காதுங்க. நாலரைக்குப் பாலுக்கு எப்படியும் ஆளு வருவாரு" என்றார் ராணி. பிறகு கொஞ்சம் யோசித்து, "இல்ல, விருந்துல உக்காந்துட்டா சொல்ல முடியாது. போன தடவ மறுநாத்தான் வந்தாரு" என்றார். கயல்விழி அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சோழபுரத்துக்குப் போகிற வழியெல்லாம் முந்திரித் தோப்பு பூத்திருந்தது. கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் மார்த்தா அம்மா எழுந்து வந்து முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்த அவசரத்திலும் கயல்விழி அவரிடம், கருவறைக்கு மேலே இருப்பதற்கும் வானத்தில் பறப்பதற்கும் எங்கள் மொழியில் விமானம் என்று ஒரே பெயர்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அண்ணாந்து பார்த்து, "இதற்குக் கீல் எங்கே?" என்று கேட்டாராம். சிக்னல் போனதிலிருந்து கயல்விழி முதல் முறையாகச் சிரித்தாள்.

மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். கலியபெருமாளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பந்தியில் கறிக்குழம்பு வாளியோடு ஓடிக்கொண்டிருந்தவர் அவர்தான். கயல்விழி விஷயத்தைச் சொன்னாள்.

"ஓ, அது ஒங்க பெட்டியா! நாளைக்குப் பால் ஒன்றியத்துக்கு அனுப்பி வைக்கலாம்னு இருந்தேன். உக்காருங்க, சாப்புடுங்க."

"மாமா, சூரியன் மறையுறதுக்குள்ள வேணும். சாவிய மட்டும் குடுங்க, நாங்களே..."

"சொசைட்டி சாவிய எப்படிம்மா மூணாம் மனுசங்க கையில குடுக்குறது? நானே வரேன். ஆனா எங்க வூட்டு விசேசத்துக்கு வந்துட்டுக் கை நனைக்காம போனா நான் வரமாட்டேன்."

வேறு வழியில்லை, உட்கார்ந்தோம். பர்வீனுக்கு வெளியில் கறி ஆகாது என்று அவள் சொல்வதற்குள், "பாப்பாவுக்கு ரசமும் தயிரும் கொண்டாங்கடா, அப்பளம் நாலு வையி" என்று அவரே சத்தம் போட்டார். மார்த்தா அம்மா இலையில் குழம்பு ஓடாமல் அணை கட்டக் கற்றுக்கொண்டு, இரண்டாம் தடவையும் சோறு வாங்கினார். கயல்விழி நாலே வாயில் இலையை மூடிவிட்டாள். "அந்த அம்மாகிட்ட கொஞ்ச நேரம் கூடக் கேட்டுப் பாரேன்" என்று நான் மெல்லச் சொன்னேன். கேட்டாள். மார்த்தா அம்மா விரலை நக்கிக்கொண்டே, தாட்சண்யம் இல்லாமல் பதில் சொன்னார். "எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் இதே விதிப்படி செய்கிறார்கள். உனக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் அவர்களுக்கு என்ன சொல்வேன்?"

அவ்வளவு நேரம் கோழிக்கும் கொத்தமல்லிக்கும் சிரித்தவர்தான் அதைச் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மரியாதை கூடிற்று.

கலியபெருமாள் மூன்று பந்தி முடித்துத்தான் கிளம்பினார். மணி ஐந்தாகிவிட்டது. பஸ்ஸை நான் அன்றைக்கு ஓட்டிய வேகத்தை எழுதினால் கல்லூரியில் கேள்வி வரும். சொசைட்டி வாசலில் பத்து முப்பது பேர் தூக்குவாளியும் குடமுமாகப் பாலோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் சிவக்க ஆரம்பித்திருந்தது.

அலமாரி திறந்தது. பெட்டி இருந்தது. கயிறு போட்டுக் கட்டி, பாராசூட்டைத் துவைத்து மடித்து அதன் மேல் வைத்திருந்தார்கள். கயல்விழி கையை நீட்டினாள். கலியபெருமாள் நோட்டை நீட்டினார்.

"ரிஜிஸ்டர்ல ஏத்தாம எப்படிம்மா? சொசைட்டி பொருள உறுப்பினருக்குத்தான் குடுக்கணும். நீ உறுப்பினரா?"

"உறுப்பினர்தான் மாமா!"

"நம்பர் சொல்லு."

கயல்விழி போனைத் தேய்த்துச் சங்கத்து அட்டையைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக எழுதினார். "என்னம்மா இம்மாம் நீளம்? எங்க சொசைட்டில நூத்திப்பன்னெண்டோட முடிஞ்சிடும்."

"யோவ் செக்ரட்டரி, பாலு திரிஞ்சிடும்யா!" என்று வெளியிலிருந்து குரல்.

"இரப்பா, இவங்க சொசைட்டி நம்ம சொசைட்டிய விடப் பெருசு. பொருள்: பெட்டி ஒண்ணு, கொட ஒண்ணு. கையெழுத்துப் போடும்மா."

போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து மார்த்தா அம்மா கையில் கொடுத்தாள். மார்த்தா அம்மா சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேற்கே பார்த்தார். கருவேலமரத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன் இருந்தது. தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'இடையில் பெட்டி யார் பொறுப்பில் இருந்தது?' என்று அதில் ஒரு கட்டம் உண்டாம். 'சொசைட்டி' என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் ஒரு நிமிடம் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு 'பால்' என்று முன்னால் சேர்த்தாராம். பொய் எழுதக் கூடாதல்லவா. கயல்விழி திண்டில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். பர்வீன் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "அல்ஹம்துலில்லா, அழுவாதடி, கறிச்சோத்த நாலு வாயோட வுட்டுட்டு வந்தல்ல, இப்ப தின்னு" என்று யாரோ கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

பால் ஊற்ற வந்தவர்கள் யாரும் ஊற்றிவிட்டுப் போகவில்லை. எல்லோருக்கும் டீ வந்தது. கலியபெருமாளுக்கு ஒரு சந்தேகம். "ஒங்க சொசைட்டில உறுப்பினருக்கு என்னம்மா நன்ம? தீபாவளிக்கு ஏதும் உண்டா?"

ஒன்றுமில்லை, மார்த்தா அம்மா சந்தாவும் கட்டி, லீவும் போட்டு இவ்வளவு தூரம் சம்பளமில்லாமல் வந்திருக்கிறார் என்று பர்வீன் சொன்னாள்.

"அப்பறம் எதுக்கு சொசைட்டி?"

மார்த்தா அம்மா டீயை வைத்துவிட்டு யோசித்துச் சொன்னார். "ஒரு வருடம் எங்கள் கீல் ஒன்றில் முடி அளவு விரிசல் கண்டுபிடித்தேன். சங்கத்துப் பத்திரிகையில் எழுதினேன். ஜப்பானிலிருந்து ஒருவர், முகம் தெரியாதவர், 'எங்கள் கீலிலும் அதே இடத்தில் இருக்கிறது' என்று பதில் எழுதினார். இரண்டு பேரும் சரி செய்தோம். ஓர் ஊரில் உடைந்தது எல்லா ஊருக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான்."

பர்வீன் சொல்லி முடித்ததும் கலியபெருமாள் தலையாட்டினார். "நாங்களும் அதாங்க. ஒரு வூட்டு மாட்டுக்குக் கோமாரி வந்துச்சுன்னா, அன்னைக்குச் சாயந்தரமே இங்க நின்னு எல்லாருக்கும் சொல்லிடுவோம். மறைக்கிறவன் சொசைட்டில இருக்க முடியாது."

மார்த்தா அம்மா எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பிடித்தார். "ரெண்டு சொசைட்டி செக்ரட்டரியும் கை குடுக்குறாங்க, போட்டோ எடுங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். அந்த அம்மா செக்ரட்டரி இல்லை என்று யாரும் திருத்தவில்லை. படத்துக்கு என்னையும் இழுத்தார்கள். டீசல் போட வேண்டும் என்றேன். "இங்க ஏதுண்ணே டீசல்?" என்று கயல்விழி கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி லேபில் பெட்டியைத் திறந்தார்கள். ஆறு ஜோடித் தகடுகளில் நாலு ஒட்டியபடி இருந்தன, இரண்டு விட்டிருந்தன. மார்த்தா அம்மா அதை அப்படியே எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினார். பதினோரு மணிக்குப் போட்டியில் பதிவு ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. மாலை நாலு மணிக்கு அவரைத் திருச்சியில் இறக்கிவிட்டேன்.